உப்பிட்டவரை உள்ளளவும் மறவோம்! பேஷன் தொழிலுக்கு அகரம் விவசாயிகள் எழுதும் கணக்கு



பேஷன் என்பது சினிமாக்காரர் சமாச்சாரம், பட்டணத்துப் பிள்ளைகள் சமாச்சாரம். வெங்காயத்தைப் போட்டுவிட்டு விலைக்குக் காத்துக் கிடக்கிற நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிலையும் கேளுங்கள்.

வெளிநாட்டுக் கடையில் கண்ணாடிக்குள்ளே மினுக்கிக்கொண்டு நிற்கிற ஷூ, கைப்பை, தோல் கோட்டு இவற்றுக்கான தோலை ஊறப்போட்டுக் கழுவுகிற ஊர்களில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. அங்கே விற்கிற பனியனுக்கு நூல் நூற்கிற மில்லுகள் வேடசந்தூர் பக்கம் வரிசையாக நிற்கின்றன. அந்த மில்லு வண்டியில் காலையில் ஏறிப் போவது நம்ம வீட்டுப் பொம்பளைப் பிள்ளைகள். அந்த நூலுக்குப் பருத்தி விளைய வைக்கிறவன் விவசாயி. அப்புறம் நமக்கு இதில் வேலை இல்லாமல் யாருக்கு வேலை இருக்கிறது?

பேஷன் தொழிலால் நன்மை அதிகமா, கெடுதல் அதிகமா என்று படித்தவர்கள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கினவன் ஜெயிப்பான். நாம் கணக்கு நோட்டை எடுத்து வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பார்ப்போம்.

நாம் துணிக்கு எதிரி இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆடை இல்லாதவன் அரை மனிதன் என்று சொன்ன ஊர் இது. சின்னாளபட்டிச் சேலை எடுக்காத கல்யாணம் நம் பக்கம் எத்தனை நடந்திருக்கிறது? நெய்கிறவரும் சாயம் முக்குகிறவரும் செருப்புத் தைக்கிறவரும் நம்மைப் போல உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் வயிற்றில் அடிக்க இந்தத் துண்டுப் பிரசுரம் அல்ல.

கிழிந்தால் மாற்றுவது துணி. கிழியாமலே மாற்றச் சொல்வது பேஷன். போன வருஷம் வாங்கின சட்டை நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் 'காலம் போச்சு' என்று அதைத் தூக்கிப் போட வைக்கிற வியாபாரம் அது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கசக்குவதற்கு முன்னாலேயே தூக்கிப் போடு என்கிறான் இவன். ஒருவன் பத்துச் சட்டை வாங்க வேண்டிய இடத்தில் முப்பது வாங்க வேண்டுமானால் விலை குறைவாக இருக்க வேண்டும். விலை குறைய வேண்டுமானால் எங்கேயோ யாரோ ஒருத்தன் நஷ்டப்பட வேண்டும். அந்த 'யாரோ ஒருத்தன்' யார் என்பதுதான் நாம் பேச வந்த விஷயம்.

வரவுப் பக்கம்

உள்ளதைச் சொல்வோம். ஜவுளி, ஆயத்த ஆடைத் தொழிலில் நாடு முழுக்க நாலரைக் கோடிப் பேருக்கு நேரடி வேலை என்று மத்திய அரசு சொல்கிறது. விவசாயத்துக்கு அடுத்தபடி ஜனங்களுக்கு அதிகம் வேலை கொடுக்கிற தொழில் இதுதான். திருப்பூரிலிருந்து 2024-25-ல் வெளிநாட்டுக்குப் போன பின்னலாடை சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு. மழை பொய்த்த வருஷங்களில் நம் குடியானவன் வீட்டில் அடுப்பு எரிந்ததே மில்லுக்குப் போன பிள்ளையின் சம்பளத்தில்தான் என்கிற வீடுகள் உண்டு. வெளியே போய் நாலு காசு சம்பாதித்த பெண்ணுக்குத் தன் காலில் நிற்கிற தைரியம் வந்தது என்பதும் உண்மை.

இதை எல்லாம் வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்வோம். ஒரு பைசா குறைக்க வேண்டாம்.

செலவுப் பக்கம்: தோலும் உப்பும்

திண்டுக்கல்லில் தோல் ஷாப்பு இன்று நேற்று வந்ததில்லை. நம் தாத்தன் காலத்திலும் இருந்தது. அப்போது ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தினார்கள். 1970-களில் மத்திய அரசு அரைப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு போட்டு, முழுசாய்ப் பதனிட்ட தோலாக அனுப்பு என்று தள்ளியது. அன்னியச் செலாவணி அதிகம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். வெளிநாட்டான் கேட்ட மெருகுக்கும் கலருக்கும் குரோமியம், சாயம், அமிலம் எல்லாம் கூடிக்கொண்டே போனது. ஆவாரம் பட்டை பின்னுக்குப் போனது.

தோல் எப்படி வருகிறது தெரியுமா? கெட்டுப் போகாமல் இருக்க உப்பில் புரட்டி வருகிறது. அதை ஊறப்போட்டால் அத்தனை உப்பும் தண்ணீரில் இறங்கும். பிறகு முடி எடுக்கச் சுண்ணாம்பு, சல்பைடு. பிறகு குரோமியம். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. பத்து டன் தோலுக்கு எவ்வளவு? மூன்றரை லட்சம் லிட்டர்! அதை ஒரு ஏக்கரில் கட்டினால் மூணு அங்குலத்துக்கு மேல் நிற்கும். ஒரு பாத்திக்குத் தண்ணி பாய்ச்ச ராத்திரி மூணு மணிக்கு கரண்டுக்காக விழித்துக் கிடக்கிறவன் நாம்!

எடுத்த தண்ணீரைவிட அவன் திருப்பி விட்ட தண்ணீர்தான் நம்மைக் கெடுத்தது. குடகனாறு மேற்கே ஆத்தூர் மலையடிவாரத்திலிருந்து இறங்கி, திண்டுக்கல்லைச் சுற்றி, தாடிக்கொம்பு, அகரம் பக்கம் வந்து, வேடசந்தூர் தாண்டி அமராவதிக்குப் போகிறது. தோல் ஷாப்புகள் நமக்கு மேலே. நாம் கீழே. மேலே இருக்கிறவன் கழுவினால் கீழே இருக்கிறவன் குடிக்க வேண்டும். இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. ஆனால் விஞ்ஞானிகளும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் திண்டுக்கல்லைச் சுற்றி சுமார் 80 தோல் ஷாப்புகள் இருப்பதாகவும், மேல் குடகனாற்றுப் பகுதியில் நிலத்தடி நீர் கெட்டிருப்பதாகவும் 2005-லேயே எழுதி வைத்தார்கள்.

வேலூர் மக்கள் நல மன்றம் 1991-ல் உச்சநீதிமன்றத்தில் போட்ட வழக்கை நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1996 ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் நம் ஜில்லாவைப் பற்றியும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கிணறு கெட்டுப் போனது! பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது.

நாலு கிணற்றில் மூணு கிணறு! எந்தத் திருடனாவது நாலு வீட்டில் மூணு வீடு என்று கணக்கு வைத்துத் திருடியது உண்டா? திருடன் கொண்டு போனால் நகையோடு போகும். கிணறு போனால் தலைமுறையோடு போகும். தென்னையில் குரும்பை கொட்டுகிறது. மல்லிகை இலை ஓரம் கருகுகிறது. வெங்காயம் பருக்காமல் நிற்கிறது. மண் இறுகி, காய்ந்தால் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. உப்புத் தண்ணீர் நிலத்தை என்ன செய்யும் என்று வேறு யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

'இப்போது சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே, சட்டத்துக்கு உட்பட்டுத்தானே விடுகிறோம்' என்பார்கள். சரி, சட்டத்தையே கணக்குப் போடுவோம். கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் தண்ணீர் என்பது சுமார் ஒரு லட்சம் லிட்டர். அதில் கரைந்திருக்கிற உப்பு 210 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் நாலு மூட்டைக்கு மேல்! சட்டப்படி விட்ட தண்ணியே ஒரு தடவை பாய்ந்தால் ஏக்கருக்கு நாலு மூட்டை உப்பு. மழை நன்றாகப் பெய்து ஆறு ஓடினால் கொஞ்சம் அலசிக்கொண்டு போகும். நம் குடகனாற்றில் தண்ணீர் ஓடுகிற நாளை விரல் விட்டு எண்ணலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள் பெரியவர்கள். எங்கள் ஆற்றில் மூட்டை மூட்டையாக உப்பிட்டவரை நாங்கள் எப்படி மறப்போம்?

தீர்ப்பு வந்தது, தீர்வு எங்கே?

மாசுபடுத்தினவன்தான் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது 1996 தீர்ப்பின் முக்கியமான வாசகம். கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அவன் தலையில்தான் என்றது கோர்ட்டு. வட ஆற்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, செங்கை ஆகிய ஐந்து ஜில்லாக்களில் இருந்த ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. நஷ்டஈட்டை நிர்ணயம் செய்ய ஒரு ஆணையம் அமைக்கச் சொன்னது. அந்த ஆணையமும் வந்தது.

அதற்கப்புறம்? பாலாற்று ஜனங்களுக்கு அந்த நஷ்டஈடு முழுசாய்ப் போய்ச் சேரவில்லை. நிலமும் நேராகவில்லை. மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஜனவரி 30-ந் தேதி உச்சநீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது. விட்டுப்போனவர்களுக்கு நஷ்டஈடு கொடு, அந்தப் பணத்தை மாசுபடுத்தினவனிடம் வசூல் பண்ணு, மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடு என்று உத்தரவு. 1991-ல் போட்ட வழக்கின் நியாயத்துக்கு 2025 வரை அலைந்திருக்கிறார்கள். முப்பத்து நாலு வருஷம்! அந்த முப்பத்து நாலு வருஷத்தில் ஷூ மாடல் எத்தனை தடவை மாறியிருக்கும்?

வேலூர்க்காரர்கள் விடாமல் நின்றார்கள், அதனால் தீர்ப்பு வாங்கினார்கள். அதே முதல் தீர்ப்பில் பெயர் உள்ள நம் ஜில்லாவில் எத்தனை பேர் இன்றைக்கு அந்த 350 கிணற்றைப் பற்றிக் கேட்கிறோம்?

நொய்யல் காட்டிய வழி

'கேட்டு என்ன ஆகப் போகிறது? பணக்காரனை எதிர்த்து நம்மால் முடியுமா?' என்று சோர்ந்து உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களுக்கு நொய்யல் ஆற்றுக் கதையைச் சொல்கிறோம்.

ஈரோடு, கரூர் பக்கம் 20,000 ஏக்கர் பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் எல்லாம் வந்து அங்கே தேங்கியது. பாசன அணை சாயக் குட்டையானது. உலகத்திலே எந்த விவசாயியாவது 'அணையைத் திறக்காதே' என்று கெஞ்சியிருப்பானா? நொய்யல் விவசாயி கெஞ்சினான். திறந்தால் உள்ள வயலும் போய்விடும்!

கெஞ்சினால் நடக்காது என்று தெரிந்ததும் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்று 2006 டிசம்பரில் உத்தரவு வாங்கினார்கள். பட்டறைக்காரர்கள் டில்லிக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அதன் பிறகும் கழிவு வந்தது. 2011 ஜனவரி 28-ந் தேதி சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது.

அன்றைக்குப் பத்திரிகைகளில் என்ன எழுதினார்கள்? திருப்பூர் செத்தது, தொழில் போச்சு, லட்சக்கணக்கான பேர் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று எழுதினார்கள். கொஞ்ச காலம் கஷ்டம் இருந்தது உண்மை. தொழிலாளி பட்ட பாட்டை நாம் சிறிதாகப் பேசவில்லை. ஆனால் என்ன நடந்தது? தண்ணீரைச் சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து, உப்பைத் தனியே பிரித்து, அதே தண்ணியையும் உப்பையும் மறுபடி சாயத்துக்கு எடுத்துக்கொள்கிற முறை வந்தது. அதற்கு அரசாங்கம் வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. மூடுவதற்கு முன்னால் இருந்த ஏற்றுமதியைப் போல இன்றைக்கு மூன்று மடங்கு என்று சொல்லலாம். திருப்பூர் சாகவில்லை. முன்னைவிடக் கொழுத்தது!

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்றுதான். முடியாது, முடியாது என்று இருபது வருஷம் சொன்னது பொய். முடியும். விவசாயி சட்டையைப் பிடித்துக் கேட்கிற வரைக்கும் செய்ய மனசில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் ராத்திரியில் மழையோடு மழையாகச் சாயத் தண்ணியைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரித்தெடுத்த கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்ற தலைவலியும் தீரவில்லை. கண்ணை மூடினால் காலை வாருவான். ஆனாலும் வழி தெரிந்துவிட்டது.

நம் பிள்ளைகள்

வேலை கொடுக்கிறான், வேலை கொடுக்கிறான் என்று வரவுப் பக்கத்தில் எழுதினோமே, அந்த வேலையையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

சுமங்கலித் திட்டம் என்று ஒன்று வந்தது நினைவிருக்கிறதா? மூணு வருஷம் மில்லிலேயே தங்கி வேலை பார், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாய்ப் பணம் என்றார்கள். பெயரைப் பாருங்கள், சுமங்கலி! மழை இல்லாத வருஷத்தில், கடன்காரன் வாசலில் நிற்கிற நேரத்தில், இந்தப் பேச்சோடு புரோக்கர் வந்தான். திண்டுக்கல், கோவை, ஈரோடு மில்லுகளில் பிள்ளைகள் விடுதிக்குள் அடைபட்டு, வெளியே போக முடியாமல், போன் பேச முடியாமல், ஷிப்டு மேல் ஷிப்டு பார்த்ததை வெளிநாட்டு அமைப்புகளே 2011-லும் 2014-லும் அறிக்கையாய் எழுதினார்கள். மூணு வருஷம் முடியுமுன்னே உடம்பு முடியாமல் திரும்பினவளுக்கு மொத்தப் பணம் ஏது?

தையல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை அரசு 2014-ல் உயர்த்தியபோது முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016-ல் உயர்நீதிமன்றம் கூலி உயர்வு செல்லும் என்றது. கூலியைக் கூட்ட மட்டும் கோர்ட்டு வேண்டும், கூட்டாமல் இருக்க ஒன்றும் வேண்டியதில்லை!

2021 ஜனவரியில் நம் ஜில்லாவில் ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலை பார்த்த இருபது வயதுத் தலித் பெண் கொல்லப்பட்டாள். கொன்றவன் அவளுக்கு மேலே இருந்த சூப்பர்வைசர். அந்தப் பெண் சார்ந்திருந்த தொழிற்சங்கத்துப் பெண்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் நின்று போராடினார்கள். 2022-ல் அந்தத் தொழிற்சங்கமும் கம்பெனியும், அங்கே சரக்கெடுக்கிற எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என்ற பெரிய பெரிய வெளிநாட்டு வியாபாரிகளும் கையெழுத்துப் போட்டார்கள். தையல் வரிசையிலேயே தொழிலாளிப் பெண்கள் கண்காணிப்பார்கள், புகார் கொடுத்தவளைப் பழிவாங்கக்கூடாது, கம்பெனி மீறினால் வியாபாரி ஆர்டரை நிறுத்த வேண்டும் என்பது பேச்சு. அதற்குப் பெயரே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊரின் பெயர் உலகத் தொழிற்சங்கங்களில் பேசப்பட்டது நம் வீட்டுப் பெண்களால்!

இந்த வேலை எத்தனை நாள் நிலைக்கும் என்பது இன்னொரு கேள்வி. 2025 ஆகஸ்டு 27-லிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. அங்கே ஒருத்தன் கையெழுத்துப் போட, இங்கே திருப்பூரில் ஆர்டர் நின்றது, ஷிப்டு குறைந்தது. வியாபாரிக்குக் கஷ்டம் வந்தால் முதலில் இறக்கிவிடப்படுகிறவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறவள்.

வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24-ந் தேதி ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். சுவரில் விரிசல் விட்டிருக்கிறது என்று முதல் நாளே தெரியும். ஆர்டர் பிந்திவிடும் என்று உள்ளே அனுப்பினார்கள். மலிவுச் சட்டையின் மிச்ச விலையை அவர்கள் கொடுத்தார்கள்.

பருத்திக்காரனுக்குப் பட்டை நாமம்

'பேஷன் வளர்ந்தால் பருத்திக்குக் கிராக்கி வரும், விவசாயிக்குத்தானே லாபம்' என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது.

உலகத்தில் தயாராகிற இழையில் பாதிக்கு மேல் இன்றைக்குப் பாலியஸ்டர். அது பெட்ரோலில் இருந்து வருகிறது, நம் கரிசல் காட்டில் இருந்து அல்ல. மலிவாய் வாங்கி மாதத்தில் தூக்கிப் போடுகிற உடுப்புக்கு அவனுக்குப் பாலியஸ்டரே போதும். துவைக்கத் துவைக்க அதிலிருந்து பிளாஸ்டிக் நார் உதிர்ந்து தண்ணீரில் கலக்கிறது, அது தனிக் கதை.

மிச்சம் இருக்கிற பருத்திக்காவது மரியாதை உண்டா? வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு 2025 ஆகஸ்டு 19-லிருந்து எடுத்துவிட்டது. முதலில் செப்டம்பர் வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். நாட்டில் பஞ்சு வெடித்துச் சந்தைக்கு வருகிற காலம் எது? அதே அக்டோபர், நவம்பர், டிசம்பர்! நடுத்தர இழைப் பருத்திக்கு அந்த வருஷம் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய் ஆதார விலை என்று ஒரு கையால் எழுதிவிட்டு, மறு கையால் துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். அமெரிக்க வரியால் ஏற்றுமதியாளருக்கு வந்த காயத்துக்கு மருந்து விவசாயி முதுகில் தடவப்பட்டது.

அவர்கள் கேட்பார்கள், நாம் சொல்வோம்

'நீங்களும் தோல் செருப்புப் போடுகிறீர்களே?' என்பார்கள். போடுகிறோம். அறுந்தால் தைத்துத் தைத்துப் போடுகிறோம். ஒரு ஜோடியை மூணு வருஷம் தேய்க்கிறவன் ஆற்றைக் கெடுக்கவில்லை.

'உப்புப் போட்டு உரம் போட்டு நீங்களும்தானே மண்ணைக் கெடுக்கிறீர்கள்?' என்பார்கள். எங்கள் வயலில் நாங்கள் செய்கிற தப்புக்கு எங்கள் விளைச்சலே தண்டனை கொடுத்துவிடுகிறது. உங்கள் தப்புக்கு யாருடைய விளைச்சல் தண்டனை அனுபவிக்கிறது?

'தொழிலை மூடினால் வேலை போகும்' என்பார்கள். மூடு என்று யார் சொன்னது? கழிவை மூடு என்கிறோம். திருப்பூரில் முடிந்தது திண்டுக்கல்லில் முடியாதா? ஒரு ஜோடி ஷூவுக்கு வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் விலை போடுகிறவனால், அந்தத் தோலைக் கழுவின தண்ணியைச் சுத்தம் செய்யும் செலவைச் சேர்த்துக் கொடுக்க முடியாதா? முடியும். கேட்பதற்கு ஆள் இல்லாததால் கொடுக்கவில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்

வரவையும் செலவையும் எழுதியாகிவிட்டது. இனி ஒன்றைக் கவனியுங்கள். வரவுப் பக்கத்தில் எழுதினது யாருக்குப் போகிறது? பெரும்பங்கு விற்கிறவனுக்கும் ஏற்றுமதி செய்கிறவனுக்கும், கொஞ்சம் கூலியாக நம் பிள்ளைக்கு. செலவுப் பக்கத்தில் எழுதினது யார் தலையில்? கிணறு, மண், குடிதண்ணி, பிள்ளையின் உடம்பு எல்லாம் நம் தலையில். லாபம் ஒருத்தன் நோட்டில், நஷ்டம் இன்னொருத்தன் நோட்டில் எழுதினால் எந்தத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும்!

ஆகையால் நாங்கள் சொல்கிறோம்: இன்றைக்கு நடக்கிற விதத்தில் பேஷன் தொழிலால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம். சட்டையின் விலையில் ஆற்றின் விலையும், ஷூவின் விலையில் கிணற்றின் விலையும், நூலின் விலையில் நம் பிள்ளையின் முழுக் கூலியும் சேர்கிற அன்றைக்கு இந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம். அதுவரை திருத்த முடியாது.

நம் கோரிக்கைகள்

1. குடகனாற்றின் இரு கரையிலும் திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், வேடசந்தூர் பகுதிக் கிணறுகளை அரசு செலவில் சோதிக்க வேண்டும். உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று கிணறு வாரியாகத் தமிழில் எழுதி ஊராட்சி, பேரூராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். நம் கிணறு கெட்டதா, தப்பித்ததா என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு.

2. சுத்திகரிப்பு நிலையத்தில் தினசரி எடுக்கிற அளவுகளை மாசு கட்டுப்பாட்டு வாரியம் மூடி வைக்காமல் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும்.

3. 1996 தீர்ப்பில் சொன்ன நஷ்டஈடும் நிலச் சீரமைப்பும் நம் ஜில்லாவில் யாருக்குக் கிடைத்தது, யார் விட்டுப்போனார்கள் என்று பட்டியல் வெளியிட வேண்டும். 2025 தீர்ப்பில் பாலாற்றுக்குச் சொன்ன நியாயத்தைக் குடகனாற்றுக்கும் செய்ய வேண்டும்.

4. சுத்திகரிப்புச் செலவில் பங்கை வெளிநாட்டு வியாபாரி ஆர்டரிலேயே எழுதித் தர வேண்டும்.

5. மில் விடுதிகளில் தொழிலாளர் துறை முன்னறிவிப்பின்றிச் சோதனை செய்ய வேண்டும். பெற்றோரையும் தொழிற்சங்கத்தையும் உள்ளே விட வேண்டும்.

6. பருத்தி அறுவடைக் காலத்தில் இறக்குமதி வரியைத் தொடக்கூடாது.

இன்றே செய்ய வேண்டியது

பேசிக்கொண்டிருந்தால் போதாது. ஒவ்வொரு வீடும் இதைச் செய்யுங்கள்.

சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை எடுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணியில் பாட்டிலை மூணு தடவை அலசி, விளிம்பு வரை பிடித்து மூடுங்கள். தேதி, புல எண், கிணறா போரா, எத்தனை அடி ஆழம் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரிசல்ட்டைப் பத்திரமாக வையுங்கள். வருஷம் இரண்டு தடவை, கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று. நாளைக்குக் கோர்ட்டில் நம்ம கண்ணீரைவிட இந்தக் காகிதம்தான் பேசும்.

மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் உள்ள விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அன்றைக்கு இந்த முதல் மூன்று கோரிக்கையையும் தீர்மானமாக வையுங்கள். நம் அகரம் பேரூராட்சி, ஆகவே பகுதி சபையில் வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது பாட்டிலோடு வாருங்கள். மேடையில் இருக்கிற அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்போம்: 'ஐயா, ஒரு மடக்கு குடித்துக் காட்டுங்கள்!'

மில்லுக்குப் போகிற பிள்ளைகளும், தோல் ஷாப்பில் கூலி வேலை பார்க்கிற அண்ணன் தம்பிகளும் நமக்கு எதிரி அல்ல. அவர்கள் வீட்டுக் குழாயிலும் இதே தண்ணிதான். அவர்களையும் கூட்டி வாருங்கள்.

நொய்யல் விவசாயி ஜெயித்தான்! வேலூர் ஜனங்கள் விடவில்லை! நம் வீட்டுப் பெண்கள் உலகக் கம்பெனியையே கையெழுத்துப் போட வைத்தார்கள்! குடகனாற்றுக்காரன் மட்டும் குனிந்து நிற்பானா?

ஆறு எங்கள் உயிர்! உப்பு உங்கள் பொறுப்பு!
கெடுத்தவனே கட்டட்டும்! கிணற்றை மீட்டுத் தரட்டும்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இப்படிக்கு,
அகரம் வட்டாரச் சிறு, குறு விவசாயிகள்

(படித்தவர்கள் கிழித்துப் போடாமல் அடுத்தவருக்குக் கொடுக்கவும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டவும்.)